முன்னாள் படைவீரர்களுக்கான துணை மருத்துவ முறைகள்: ஆய்வுச் சான்றுகளை எப்படி எடைபோடுவது?

கேள்வி
எழுதியவர்: ஆய்வுமாணவி

வணக்கம். உளவியல் முதுகலைப் படிப்பின் இறுதி ஆண்டுக்காக ஓர் ஆய்வுத் தொகுப்புக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். போரிலிருந்து திரும்பிய முன்னாள் படைவீரர்களின் நாள்பட்ட வலிக்கும், பிடிஎஸ்டி எனப்படும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலுக்கும் யோகா, அக்குபங்சர், தியானம், தாய்-சீ (மெதுவான அசைவுகள் கொண்ட சீனப் பயிற்சி) போன்ற துணை மருத்துவ முறைகள் எந்த அளவுக்கு உதவுகின்றன என்பதே பொருள். ஆய்வுகளில் பெரும்பகுதி அமெரிக்காவில் நடந்தவை என்பதால் அந்நாட்டின் முன்னாள் படைவீரர் நலத்துறையை மையமாக வைத்தே படித்துவருகிறேன்.

பின்னணி ஓரளவு தெளிவாகிவிட்டது. ஓபியாய்டு (அபின் வகை) வலிநிவாரணிகள் அளவுக்கு மீறிப் பரிந்துரைக்கப்பட்டு, அதனால் அடிமைத்தனமும் உயிரிழப்பும் பெருகிய சூழலில், 2016-இல் நிறைவேறிய போதை மீட்புச் சட்டத்தின் ஒரு பகுதி, இம்முறைகளைப் பற்றிய ஆய்வையும் அவற்றை வழங்கும் சேவையையும் விரிவாக்குமாறு நலத்துறைக்கு ஆணையிட்டது. அடுத்த ஆண்டு வந்த 1137 எண்ணுள்ள நெறியாணையின் தொடர்ச்சியாக அக்குபங்சர், பயோஃபீட்பேக் (உடலின் இயக்கங்களைக் கருவியில் பார்த்துக் கட்டுப்படுத்தப் பழகுதல்), மருத்துவ ஹிப்னாசிஸ், வழிநடத்தப்படும் கற்பனைப் பயிற்சி, மசாஜ், தியானம், தாய்-சீ அல்லது சீகுங், யோகா ஆகிய 8 முறைகள் நலத்துறையின் மருத்துவப் பயன்களில் இடம்பெற்றன.

குழப்பம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 2015-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்த மினியாபொலிஸ் ஆய்வு, மைண்ட்ஃபுல்னஸ் எனப்படும், நிகழ்கணத்தில் கவனத்தை நிறுத்தும் தியானப் பயிற்சி பிடிஎஸ்டி அறிகுறிகளைக் குறைத்ததாகச் சொல்கிறது. அதே கட்டுரை, நோயறிதலிலிருந்தே விடுபட்டவர்களின் (பிடிஎஸ்டி உள்ளவர் என்ற வரையறைக்குள் இனி வராதவர்களின்) விகிதத்தில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றும் சொல்கிறது. இதழ்க் கட்டுரைகள் நம்பிக்கையோடு முடிகின்றன. நலத்துறையும் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட பிடிஎஸ்டி சிகிச்சை வழிகாட்டியோ பெரும்பாலான முறைகளுக்கு 'போதிய சான்று இல்லை' என்ற தீர்ப்பையே தருகிறது. இன்னொரு பக்கம், இம்முறைகளோடு நலப் பயிற்சியையும் சேர்த்து வழங்கும் நலத்துறையின் 'ஹோல் ஹெல்த்' திட்டத்தை நிறையப் பயன்படுத்திய வலி நோயாளிகளிடம் ஓபியாய்டு பயன்பாடு 38 சதவீதம் குறைந்தது, பயன்படுத்தாதவர்களிடம் 11 சதவீதம்தான் குறைந்தது என்ற மதிப்பீடு எல்லா இடங்களிலும் மேற்கோளாக வருகிறது.

என் கேள்விகள் இரண்டு. ஒரே துறையின் சான்றுகள் இவ்வளவு வேறுவிதமாக ஒலிப்பது ஏன்? அந்த 38 சதவீதத்தை என் கட்டுரையில் பயன் இருப்பதற்கான சான்றாக எழுதலாமா? நீண்டகாலம் துன்பப்பட்டவர்களின் குடும்பங்கள் தேடிப் படிக்கும் செய்தி இது என்பதால், என் கட்டுரையில் ஒரு வரிகூட அவர்களுக்குத் தவறான நம்பிக்கை தந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

மறுமொழி 1
எழுதியவர்: எண்ணும் எழுத்தும்

மருத்துவ ஆய்வுகளின் புள்ளியியல் பகுதியில் பணிபுரிகிறேன். ஒவ்வோர் ஆய்வையும் படிக்கும்போது 'பயன் இருந்ததா' என்று தேடுவதற்கு முன் 'எதோடு ஒப்பிட்டார்கள்' என்று தேடுங்கள். நீங்கள் சொல்லும் முரண்களில் பெரும்பாலானவை அங்கேயே அவிழ்ந்துவிடும்.

நீங்கள் குறிப்பிட்ட மினியாபொலிஸ் ஆய்வையே எடுத்துக்கொள்வோம். அதில் 116 முன்னாள் படைவீரர்கள் சமவாய்ப்பு முறையில், அதாவது குலுக்கல் போல, இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழு மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி பெற்றது. மற்றக் குழு சும்மா காத்திருக்கவில்லை. அன்றாட வாழ்வின் சிக்கல்களைப் பற்றிப் பேசும் குழுச் சிகிச்சையைப் பெற்றது. பயிற்சி முடிந்து 2 மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, தாங்களே தெரிவித்த அறிகுறிகளில் மருத்துவ முக்கியத்துவம் கொண்ட முன்னேற்றம் கண்டவர்கள் தியானக் குழுவில் 48.9 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 28.1 சதவீதம். நோயறிதலிலிருந்து விடுபட்டவர்கள் முறையே 53.3 சதவீதமும் 47.3 சதவீதமும். இந்த இரண்டாவது இணையைக் கவனியுங்கள்: தியானம் பயிலாத குழுவிலும் ஏறத்தாழப் பாதிப்பேர் அந்த வரையறைக்கு வெளியே வந்திருக்கிறார்கள். ஒருவர் தொடர்ந்து வந்து, தன்னைப் போன்றவர்களோடு அமர்ந்து, தன்மேல் அக்கறை கொண்ட ஒருவரிடம் பேசுவதற்கே கணிசமான பயன் உண்டு. அப்படிப்பட்ட ஒப்பீட்டைத் தாண்டியும் ஒரு வேறுபாடு தெரிந்தது என்பதே அந்த ஆய்வின் மதிப்பு. அது மிதமான வேறுபாடு என்பதையும் ஆசிரியர்கள் மறைக்கவில்லை.

இதற்கு மறுமுனையில் நிற்பது போர்க்கள அக்குபங்சர் எனப்படும் காது ஊசி முறை. அமெரிக்க விமானப்படை மருத்துவர் ரிச்சர்ட் நீம்ட்ஸோ 2001-இல் வகுத்த இம்முறையில், காதின் 5 புள்ளிகளில் மிகச் சிறிய ஊசிகள் பொருத்தப்பட்டு, தாமாக விழும்வரை அங்கேயே விடப்படுகின்றன. நலத்துறையில் இச்சிகிச்சை பெற்ற 11,406 பேரின் பதிவுகளை ஆராய்ந்த 2020-ஆம் ஆண்டுக் கட்டுரை, முக்கால்வாசிக்கும் மேற்பட்டவர்களுக்கு உடனடியாக வலி குறைந்ததாகவும், 10 புள்ளி அளவுகோலில் சராசரியாக 2.5 புள்ளி இறங்கியதாகவும் சொல்கிறது. எண்ணிக்கை பெரியது; ஆனால் ஒப்பீட்டுக் குழு இல்லை. வலி ஏறியிறங்கும் தன்மை கொண்டது. அது உச்சத்தில் இருக்கும் நாளில்தான் மனிதர்கள் சிகிச்சைக்கு வருகிறார்கள். ஊசி போட்ட சில நிமிடங்களில், போட்டவர் முன்னிலையிலேயே மதிப்பெண் கேட்கப்படுகிறது. இவை மூன்றும் சேர்ந்து எவ்வளவு குறைவை உண்டாக்கியிருக்கும் என்பதை அந்த 11,406 பேரின் பதிவிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை.

நடுவில் வருவது, 2024-இல் ஜாமா சைக்கியாட்ரி இதழில் வந்த கலிஃபோர்னிய ஆய்வு. போர் அனுபவத்தால் பிடிஎஸ்டி உள்ள 93 முன்னாள் படைவீரர்களில் ஒரு பாதிக்கு உண்மையான அக்குபங்சரும், மறுபாதிக்குப் போலி அக்குபங்சரும் தரப்பட்டன. உண்மையான ஊசி பெற்ற குழுவில் மாற்றம் பெரியது. போலி ஊசி பெற்ற குழுவிலும் மாற்றம் மிதமான அளவுக்கு இருந்தது. இரண்டுக்கும் இடையே எஞ்சிய வேறுபாடும் குறிப்பிடத்தக்கதாகவே இருந்தது. என் பார்வையில் இத்துறையின் மிகக் கவனமான ஆய்வுகளுள் இது ஒன்று, ஏனென்றால் எதிர்பார்ப்பின் பங்கையும் ஊசியின் பங்கையும் ஒரே கட்டுரையில் தனித்தனியாகக் காட்டுகிறது. எனினும் 93 பேர் கொண்ட ஒரே ஆய்வு வழிகாட்டிகளை மாற்றப் போதாது. மேலும், அது வெளிவருவதற்கு முந்தைய ஆண்டே 2023 வழிகாட்டி வந்துவிட்டது என்பதையும் கட்டுரையில் குறிப்பிடுங்கள்.

38 சதவீதக் கணக்குக்கு வருகிறேன். அது சமவாய்ப்பு முறையில் பிரித்த ஆய்விலிருந்து வந்ததன்று. யோகா வகுப்புக்கும் நலப் பயிற்சியாளரிடமும் தாமாக முன்வந்து பலமுறை சென்றவர்கள், மருந்தைக் குறைக்க முன்பே மனம் கொண்டவர்களாக இருந்திருக்கலாம். நடமாடும் வலிமை கூடுதலாக உள்ளவர்களாகவும் இருந்திருக்கலாம். அதே காலத்தில் மருந்துப் பரிந்துரைகளே நாடு முழுவதும் குறைந்துவந்தன. அதனால்தான் ஒன்றும் பயன்படுத்தாதவர்களிடமும் 11 சதவீதக் குறைவு தெரிகிறது. 'தொடர்பு காணப்பட்டது' என்று எழுதுங்கள். 'குறைத்தது' என்று எழுதாதீர்கள்.

மறுமொழி 2
எழுதியவர்: மனநலப்பணி

பிடிஎஸ்டி உள்ளவர்களுக்குச் சிகிச்சையளிக்கும் உளவியலாளர் என்ற முறையில் மேலே உள்ள விளக்கத்தைப் பெரும்பாலும் ஏற்கிறேன். ஆனால் ஊசியின் பங்கு எவ்வளவு, எதிர்பார்ப்பின் பங்கு எவ்வளவு என்பதே முதன்மையான கேள்வி என்ற அவருடைய சாய்வை ஏற்கவில்லை. ஒரு சிகிச்சை எப்படி வேலை செய்கிறது என்று அறிய அந்தக் கேள்வி தேவை. எந்தச் சிகிச்சையை ஒருவர் இறுதிவரை தொடர்வார் என்பது வேறு கேள்வி; முன்னாள் படைவீரர்களிடம் அதுவே பல நேரங்களில் முடிவைத் தீர்மானிக்கிறது.

பிடிஎஸ்டிக்கு மிக வலுவான சான்று கொண்டவை, அதிர்ச்சி நினைவைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்ளச் செய்யும் நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சையும், அந்நினைவைச் சுற்றி உறைந்த எண்ணங்களை மறுபரிசீலனை செய்யும் அறிவாற்றல் செயலாக்கச் சிகிச்சையும் ஆகும். 2022-இல் வெளிவந்த, 916 முன்னாள் படைவீரர்களைக் கொண்ட பெரிய ஆய்வு இவ்விரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. இரண்டுமே பலன் தந்தன. ஆனால் முதலாவதை 55.8 சதவீதம் பேரும், இரண்டாவதை 46.6 சதவீதம் பேரும் பாதியில் விட்டார்கள். இருப்பவற்றில் சிறந்த சிகிச்சைகளைச் சுமார் பாதிப்பேர் முடிக்கவில்லை என்னும்போது, நினைவைக் கிளறாமலே ஒருவரைச் சிகிச்சையின் வாசலுக்குள் கொண்டுவரும் முறைகளுக்குத் தனி மதிப்பு உண்டு என்று நான் கருதுகிறேன்.

அந்த நோக்கில் மூன்று ஆய்வுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலாவது, 2018-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த சான் டியாகோ ஆய்வு. அதில் 203 பேர் ஆழ்நிலைத் தியானம், நீடித்த எதிர்கொள்ளல், உடல்நலக் கல்வி என்ற மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் முறையே 61, 42, 32 சதவீதம். தியானம் நீடித்த எதிர்கொள்ளலைவிடச் சிறந்தது என்பதைக் காட்டுவது இந்த ஆய்வின் வடிவமைப்பு அன்று. முன்கூட்டியே வரையறுத்த எல்லைக்கு மேல் அது பின்தங்கவில்லை என்று காட்டுவதே அதன் நோக்கம். ஆசிரியர்களில் சிலர் அத்தியான இயக்கத்தோடு தொடர்புடைய பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் மறவாமல் எழுதுங்கள். அதனால் முடிவு பொய்யாகிவிடாது. சார்பற்ற வேறொரு குழு அதை மீண்டும் செய்து பார்க்க வேண்டும் என்பதற்கு அது வலுவான காரணம்.

இரண்டாவது, 2018-இல் அமெரிக்க உளமருத்துவ இதழில் வந்த மந்திர உச்சரிப்பு ஆய்வு. 173 முன்னாள் படைவீரர்களில் ஒரு பகுதியினர், தாங்களே தேர்ந்த ஒரு புனிதச் சொல்லை நாள்முழுவதும், குறிப்பாகப் பதற்றம் எழும் கணங்களில், மனத்துக்குள் சொல்லப் பழகினார்கள். நிகழ்காலச் சிக்கல்களைப் பேசும் சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்களுடைய பிடிஎஸ்டி அறிகுறிகளும் தூக்கமின்மையும் கூடுதலாகக் குறைந்தன. இதன் ஒப்பீட்டுச் சிகிச்சை வலுவானது என்பதால் நான் இதை உயர்வாக மதிக்கிறேன். மூன்றாவது, 2021-இல் வந்த 184 பேர் ஆய்வு: அன்பும் கனிவும் வளர்க்கும் தியானம், அறிவாற்றல் செயலாக்கச் சிகிச்சைக்குப் பின்தங்கவில்லை என்று அது கண்டது.

ஆனால் ஓர் எதிர்ச்சான்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மினியாபொலிஸ் ஆய்வில் பாதியில் விலகியவர்கள் தியானக் குழுவில் 22.4 சதவீதம், பேச்சுச் சிகிச்சைக் குழுவில் 6.9 சதவீதம். தியானம் என்றாலே எல்லோருக்கும் எளிது என்ற எண்ணத்தை இந்த எண்கள் தாங்கவில்லை. கண்ணை மூடி அசையாமல் அமர்வது, சுற்றுப்புறத்தைக் கண்காணித்தே உயிர் தப்பிய ஒருவருக்கு அமைதியைத் தராமல் அச்சத்தைத் தரக்கூடும். என் பணியில் இத்தகையவர்களிடம் கண் திறந்தே இருக்கலாம், கதவைப் பார்த்தபடி அமரலாம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யோகா வகுப்பென்றால், கேட்காமல் தொட்டுத் திருத்தக் கூடாது என்று பயிற்றுநரிடமும் சொல்கிறேன். பல ஆய்வறிக்கைகளில் இந்த விவரங்கள் ஒரு வரியில் கடந்து போகின்றன. பக்க விளைவுகளைக் கேட்டுப் பதிவுசெய்த ஆய்வு எது, செய்யாதது எது என்று உங்கள் தொகுப்பில் தனியே குறியுங்கள்.

மூலிகைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் குடும்பங்கள் படிப்பார்கள் என்று சொன்னதால் எழுதுகிறேன். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையை, பிடிஎஸ்டிக்குப் பரிந்துரைக்கப்படும் செர்ட்ராலின், பராக்ஸெடின் போன்ற மருந்துகளோடு சேர்த்து எடுத்தால் செரடோனின் என்ற வேதிப்பொருள் உடலில் அபாயகரமான அளவுக்கு உயரலாம். கடையில் சீட்டில்லாமல் கிடைப்பதால் அதைப் பலர் மருத்துவரிடம் சொல்வதில்லை. இந்த எச்சரிக்கைக்கு உங்கள் கட்டுரையில் இடம் கொடுங்கள்.

மறுமொழி 3
எழுதியவர்: இயன்முறை

வலியைப் பற்றி மட்டும் சில வரிகள். இயன்முறை மருத்துவராக என் அனுபவத்தில், வலிக்கான ஆய்வுகளை பிடிஎஸ்டி ஆய்வுகளோடு ஒரே மூச்சில் மதிப்பிடுவதே பல தொகுப்புகளைக் கெடுக்கிறது. வலிக்கான சான்று ஒப்பீட்டளவில் உறுதியானது.

தொடக்கப் புள்ளியாக, 2018-இல் வந்த ஓபியாய்டு ஒப்பீட்டு ஆய்வைப் படியுங்கள். நாள்பட்ட முதுகுவலியோ, இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மான வலியோ கொண்ட 240 முன்னாள் படைவீரர்களில் ஒரு பாதிக்கு ஓபியாய்டும், மறுபாதிக்கு ஓபியாய்டு அல்லாத மருந்துகளும் ஓராண்டு தரப்பட்டன. உடல் இயக்கத்தில் ஓபியாய்டு மேம்பட்டதாக இல்லை. வலியின் கடுமை மற்றக் குழுவில்தான் சற்றுக் குறைவாக இருந்தது. பக்க விளைவுகள் ஓபியாய்டுக் குழுவில் கூடுதல். இதில் துணை மருத்துவம் எதுவும் இல்லை. ஆனால் அந்த முறைகளை எதற்கு மாற்றாக நாம் எடைபோடுகிறோம் என்பதை இந்த ஆய்வு காட்டிவிடுகிறது. வலிமையான மருந்தே பெரிதாக ஒன்றும் தராத இடத்தில், தீங்கு குறைந்த முறையின் மிதமான பயன்கூடப் பெரிய செய்தி.

அடுத்து, 2017-இல் வந்த யோகா ஆய்வு: நாள்பட்ட கீழ்முதுகுவலி உள்ள 150 முன்னாள் படைவீரர்கள், வாரம் 2 வகுப்புகள், 12 வாரங்கள். 12-ஆம் வார முடிவில் அன்றாட இயக்கக் குறைபாட்டில் யோகாக் குழுவுக்கும் காத்திருந்த குழுவுக்கும் வேறுபாடு இல்லை. 6 மாத முடிவில்தான் வேறுபாடு தெளிவாயிற்று. அவசரப்பட்டு 12-ஆம் வாரத்தோடு நிறுத்தியிருந்தால் 'பயனில்லை' என்று பதிவாகியிருக்கும். முதுகுத் தசைகளும் அசையத் துணியும் மனமும் மெல்லத்தான் மாறும் என்பதை நோயாளிகளிடம் நாள்தோறும் பார்க்கிற எனக்கு இதில் வியப்பில்லை. எனினும் காத்திருப்போர் பட்டியலோடு ஒப்பிடுவது பலவீனமான ஒப்பீடு என்ற முதல் மறுமொழியின் தர்க்கம் இங்கும் பொருந்தும்.

கைரோபிராக்டிக் (முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்யும் முறை) ஆய்வைச் சேர்ப்பதானால், 750 பேரைக் கொண்ட 2018-ஆம் ஆண்டு ஆய்வு பணியிலிருக்கும் படையினரிடம் நடந்தது என்று தெளிவாகச் சொல்லுங்கள். 18 முதல் 50 வயதுக்குட்பட்ட அவர்களிடம் கிடைத்த முடிவை, வியட்நாம் போர்க்காலத்தைச் சேர்ந்த முதியவருக்கு அப்படியே பொருத்த முடியாது.

ஆய்வுமாணவி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. கட்டுரையின் அமைப்பையே மாற்றிக்கொள்ளப் போகிறேன்: சிகிச்சை வாரியாகப் பிரிப்பதற்குப் பதிலாக, வலி, பிடிஎஸ்டி என்று இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒப்பீட்டின் வலுவை வைத்து வரிசைப்படுத்துவேன். ஒரு துணைக் கேள்வி. பெரும்பாலான ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் ஆண்கள். மருத்துவமனைக்கு அருகில் வாழ்ந்து, வாரந்தோறும் வந்து போகக்கூடியவர்கள். தொலைவில் வாழ்பவர்களுக்கும் பெண் படைவீரர்களுக்கும் இந்த முடிவுகள் பொருந்துமா?

மறுமொழி 4
எழுதியவர்: எண்ணும் எழுத்தும்

முதலில், மனநலப்பணி அவர்களின் திருத்தத்தை ஏற்கிறேன். இடைவிலகலை நான் புள்ளியியல் தொல்லையாகவே பார்த்துப் பழகியவன். அதையே ஒரு முடிவாக அளக்க வேண்டும் என்பது சரியான கருத்து.

உங்கள் துணைக் கேள்விக்கு நேரடியாக விடை தேடிய ஆய்வு ஒன்று உண்டு. 2024-இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வந்த அந்த ஆய்வில் நாள்பட்ட தசை, எலும்பு வலி கொண்ட 811 முன்னாள் படைவீரர்கள் பங்கேற்றார்கள். பெண்களைத் திட்டமிட்டுக் கூடுதலாகச் சேர்த்ததால் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். ஒரு குழுவினர் இணையவழிக் குழு வகுப்பில், பதிவுசெய்த காணொளிகளின் துணையோடு 8 வாரம் மைண்ட்ஃபுல்னஸ் பயின்றார்கள். இரண்டாவது குழுவினர் அதே பாடத்தைத் தாமாகவே, இடையிடையே ஒருவர் தொலைபேசியில் வழிகாட்டப் பயின்றார்கள். மூன்றாவது குழு வழக்கமான சிகிச்சையைத் தொடர்ந்தது. ஓராண்டுக் காலத்தில் வலி அன்றாட வாழ்வில் குறுக்கிடும் அளவு இரு பயிற்சிக் குழுக்களிலும் மூன்றாவது குழுவைவிடக் குறைந்தது. பயிற்சிக் குழுக்கள் இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இந்த ஆய்வு, தேசிய நலவாழ்வு நிறுவனங்களும் பாதுகாப்புத் துறையும் நலத்துறையும் இணைந்து 2017-இல் தொடங்கிய வலி மேலாண்மைக் கூட்டு ஆய்வுத் திட்டத்தின் கீழ் வந்தது. அத்திட்டத்தின் ஒருங்கிணைப்பு மையம் யேல் பல்கலைக்கழகத்தில் உள்ளது. அதன் ஆய்வுகள், தேர்ந்தெடுத்த சிலரைச் செயற்கையான சூழலில் வைத்துப் பார்க்காமல், மருத்துவமனைகளின் அன்றாட நடைமுறைக்குள்ளேயே சிகிச்சையைப் பொருத்திப் பார்க்கின்றன. போலிச் சிகிச்சையோடு ஒப்பிடாதது அவற்றின் குறை. உண்மையான நோயாளிகளிடம், உண்மையான தடைகளுக்கிடையே அளப்பது அவற்றின் பலம். உங்கள் கட்டுரையின் வலிப் பகுதிக்கு இவற்றைப் படிக்கும்போது, முடிவுக் கட்டுரையை எடுப்பதற்கு முன் பதிவுசெய்யப்பட்ட ஆய்வுத் திட்டத்தை எடுத்து, முதன்மை அளவீடு எது, எந்த மாதத்தில் அளப்பதாகச் சொல்லியிருந்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வெளியான கட்டுரையின் சுருக்கத்தில் அதே அளவீடு, அதே மாதம் முதலில் வருகிறதா என்று ஒப்பிடுங்கள்.